விற்பவனின் மௌனம்

தமிழில் 'தலையில் கட்டுவது' என்று ஒரு பிரயோகம் உண்டு. பால் வற்றிய மாட்டைத் தலையில் கட்டுவார்கள். வில்லங்கம் உள்ள மனையைத் தலையில் கட்டுவார்கள். கடையில் விலைபோகாமல் கிடக்கும் புடவையைத் தீபாவளிக் கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் தலையில் கட்டுவார்கள். வேலை வெட்டி இல்லாத பிள்ளையைக்கூட நல்ல இடத்துப் பெண் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, 'கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இந்தச் சொல்லைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கட்டுகிறவன்மீது இதில் கண்டனமே இல்லை. அவன் சாமர்த்தியத்தை மெச்சுகிற தொனிகூட இருக்கிறது. தலையைக் கொடுத்தவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். 'பார்த்து வாங்கத் தெரியாதவன்' என்று அவனுக்குப் பெயரும் வைத்துவிடும்.

ஏமாந்தவன் வெட்கப்பட்டுத் தலைகுனிகிறான்; ஏமாற்றியவன் நிமிர்ந்து நடக்கிறான். இது நமக்கு எப்படி இவ்வளவு இயல்பாகிப் போயிற்று? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. காரணம், ஒரு பழைய கார்.

மதுரவாயலிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது வானகரம். பைபாஸ் சாலையின் சுங்கச்சாவடி, மீன் மார்க்கெட், பெரிய ஆஸ்பத்திரி, அரசியல் கட்சியின் பொதுக்குழுவே கூடுகிற அளவுக்கு விசாலமான கல்யாண மண்டபம் எல்லாம் கொண்ட ஊர். இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே 1998 முதல் புதுக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அவை பழசாகி, கைமாறி, மறுபடியும் பளபளவென்று ஆக்கப்பட்டுச் சாலையோரத்துக் கொட்டகைகளில் வரிசையாக நிற்கின்றன. முன் கண்ணாடியில் விலைச் சீட்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளையார்.

அப்படி ஒரு கொட்டகையில்தான் என் சிநேகிதர் கார் வாங்கினார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் அவர். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பாதி சேமிப்பு, பாதி மனைவியின் நகைமீது வாங்கிய கடன். ஓட்டிப் பார்த்தார், திருப்தியாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் மல்லிகை வாசனை வந்தது. 2024ஆம் வருஷத்துக் கோடையில் வாங்கினார். முதல் மழையில் முன் விளக்குகள் தாமாக எரிந்து தாமாக அணைந்தன. நெடுஞ்சாலையில் என்ஜின் நின்றது. வாசனைப் புட்டி தீர்ந்ததும் காருக்குள் குளத்துச் சேற்று நாற்றம் எழுந்தது. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மனிதர் பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரிகிற பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் ஒரு கோடு பிடித்தாற்போல் சேற்றுக் கறை. "வண்டி வெள்ளத்துல நின்னிருக்கு, சார்" என்றார். தரை விரிப்பைத் தூக்கினார். விரிப்பு புதிது, அதன் கீழே வண்டல் படிந்து காய்ந்திருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு தடவையும் ஆயிரக்கணக்கான கார்கள் ஸ்டியரிங் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன. ரிப்பேர்ச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அதை முழு நஷ்டம் என்று கணக்குத் தீர்த்துவிடும். பிறகு அந்தக் கார் என்ன ஆகிறது? எல்லாமே உடைக்கப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது நம் வெகுளித்தனம். ஏலத்தில் போகிறது. கழுவி, காயவைத்து, இருக்கைத் துணி மாற்றி, வேறு பேட்டைக்கோ வேறு ஊருக்கோ அனுப்பிவிட்டால் பழையபடி அது கார்தான். ஆனால் கம்பிகளின் உள்ளே புகுந்த ஈரம் உடனே வேலையைக் காட்டாது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து இணைப்புகளில் பச்சை பூத்து அரித்துக்கொண்டு வரும். வெள்ளத்தில் நின்ற காரின் நோய் இப்படிப் பொறுமையானது என்பதுதான் இந்த வியாபாரத்துக்கே ஆதாரம்.

சிநேகிதர் கொட்டகைக்குப் போய்க் கேட்டார். அங்கே கிடைத்த பதில் ஒன்றே ஒன்று: "நீங்க பார்த்துத்தானே சார் எடுத்தீங்க? நாங்க எதாவது பொய் சொன்னோமா?"

உண்மைதான், பொய் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

நான் கேட்கிறேன்: சொல்லாமல் இருப்பது பொய்யா, இல்லையா?

இது இன்று நேற்றுப் பிறந்த கேள்வியல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு 44 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் சிசரோ தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு அவன் வந்து சேருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், தீவுக்காரர்களுக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் விலை விழும். சொல்ல வேண்டுமா? கூடவே இன்னொருவனும் வருகிறான். அவன் வீடு விற்கிறான். அறைகளில் விஷ ஜந்துக்கள் உலாவுகின்றன, உத்தரம் உளுத்திருக்கிறது. அது அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆன்டிபாட்டர் என்ற ஞானி, எல்லாவற்றையும் சொல்லித்தான் தீரவேண்டும் என்கிறார். அவருடைய குருவான டயோஜனிஸோ, மறைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு என்கிறார். சட்டம் சொல்லச் சொன்ன குறையைச் சொன்னால் போதும், பொய் பேசாதிருந்தால் போதும்; வாங்கு என்று யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே!

வானகரத்துக் கொட்டகைக்காரர் டயோஜனிஸைப் படித்திருக்க மாட்டார். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அவருடைய கட்சிதான்.

நம் சட்டமும் வெகு நாளாக இந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தே நின்றிருக்கிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 17ஆவது பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில், ஒரு குதிரை நிற்கிறது. ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான். அதற்கு ஊனம் இருப்பது அவனுக்குத் தெரியும்; ஆனால் அவன் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை, அப்போதுதான் சட்டப்படி வயது நிரம்பிய தன் மகளுக்கே விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குறையைச் சொல்வது அவன் கடமை. மூன்றாவதாக ஒன்று: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்கிறான், விற்கிறவன் பேசாமல் இருக்கிறான். அங்கே அவன் மௌனம் பேச்சுக்குச் சமம், அது மோசடி.

இந்த மூன்று உதாரணங்களையும் நான் பல முறை படித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மகளுக்குச் சொல்லவேண்டும், ஊரானுக்குச் சொல்லவேண்டாம்! சட்டம் எழுதியவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. சொல்லாமல் விற்பது எப்படிப்பட்ட காரியம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்ததால்தான் மகளுக்கு அதைச் செய்யாதே என்றார்கள். மற்றவர்கள் விஷயத்தில், சந்தை நடக்கவேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வள்ளுவர் இந்த வேலியை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவு நிலைமையைப் பற்றிப் பேசும்போது, பிறர் பொருளையும் தன் பொருள்போலவே கருதிச் செய்வதுதான் வாணிகம் என்று முடித்துவிட்டார். அதில் மகள் என்றும் ஊரான் என்றும் பேதமில்லை.

சரி, மௌனத்துக்கு வருகிறேன். டயோஜனிஸ் செய்த பாகுபாடு தத்துவ மண்டபத்தில் நன்றாகத்தான் ஒலிக்கிறது. பழைய கார்க் கொட்டகையில் அது நிற்குமா? வாய்மை, மெய்மை, உண்மை என்று மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. வாயால் காப்பது, மெய்யால் காப்பது, உள்ளத்தால் காப்பது என்று அவற்றைப் பிரித்துச் சொல்லுவது தமிழாசிரியர்களின் வழக்கம். கொட்டகைக்காரர் வாய்மையை மட்டும் காப்பாற்றிவிட்டார். வண்டலின்மேல் புது விரிப்பைப் போட்ட கை? நாற்றத்தின்மேல் மல்லிகையைத் தெளித்த கை? என்ஜினைக் கழுவி எண்ணெய் பூசி, நேற்றுத்தான் பிறந்ததுபோல் நிறுத்திய கை? அந்தக் கை பேசியிருக்கிறது; வாயைவிடச் சரளமாகப் பேசியிருக்கிறது. பழைய கார் வியாபாரத்தில் சுத்தமான மௌனம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒன்று சொல்கிறார்கள், அல்லது மறைக்கிறார்கள். குறையைத் தெரிந்துகொண்டே வேலை செய்து மறைப்பதை அதே 17ஆவது பிரிவு மோசடி என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. குதிரையை உதாரணம் காட்டித் தப்பிக்க விரும்புகிறவர்கள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

வியாபாரி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கே தெரியாது சார், ஏலத்தில் எடுத்தேன்" என்பார். சில சமயம் அது நிஜமாகவும் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காரை வாங்கும்போது அவர்கள் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்கள், விரிப்பைத் தூக்குகிறார்கள், கதவு ரப்பரைப் பிரிக்கிறார்கள், விலையைக் குறைக்கிறார்கள். விற்கும்போதுதான் அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறது.

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவனே ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துக்கொண்டாலும், அந்த ரகச் சரக்கையே விற்பது தொழிலாக உள்ளவன் விற்றால் அது விற்பனைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்றது. வாங்கியவன் பார்த்து எடுத்திருந்தாலும், அப்படிப் பார்த்தபோது தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்குத்தான் அவன் பொறுப்பு. பெல்ட்டின் சுருளுக்குள் இருக்கும் சேற்றுக்கு அல்ல. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டம், சரக்கின் தரத்தை அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று எழுதிவைத்தது. சேவைக் குறைபாடு என்பதற்குச் சொன்ன விளக்கத்தில், தகவலை வேண்டுமென்றே தராமல் நிறுத்திவைப்பதையும் சேர்த்தது. ஆன்டிபாட்டர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் புகார் செய்கிறவர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். மெக்கானிக்கின் அறிக்கை, ரசீது, விற்கும்போது வந்த செய்திகள் எல்லாம் சாட்சியம். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், தீர்ப்புச் சொல்ல முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் எத்தனை மாதம் ஆகும் என்பது கோர்ட்டு வாசல் ஏறியவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் போடத்தான் வேண்டும். 2011ஆம் வருஷத்து மாடல் என்று பணம் கட்டிய கோவாக்காரர் ஒருவருக்கு, ஏற்கெனவே ஓடிய 2009ஆம் வருஷத்துக் காரைக் கொடுத்தார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 2021இல் அது சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. அந்தத் தவறு கார் செய்த கம்பெனியுடையது அல்ல, விற்ற டீலருடையது என்று கோர்ட்டு முடிவு சொன்னது.

இவ்வளவையும் நான் சிநேகிதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அண்ணே, என் மச்சான் வேற ஒரு வழி சொல்றான்" என்றார்.

என்ன வழி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வண்டியைக் கழுவி, செல்போனில் நாலு படம் எடுத்து, விளம்பரம் போட்டுவிடுவது. வேலூரிலோ விழுப்புரத்திலோ இருந்து யாராவது வருவார்கள். 'தள்ளிவிட்டுடு மாமா' என்பது மச்சானின் வாக்கு. "நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்டா சொல்லிடுவேன். கேக்கலேன்னா? என்கிட்டயும் யாரும் சொல்லலியே, அண்ணே! நான் வித்தா தப்பா?"

இந்த இடத்தில்தான் சட்டம் கைகொடுக்காது. நுகர்வோர் சட்டம் வியாபாரியைப் பார்த்துப் பேசுகிற சட்டம். தன் சொந்த வண்டியை ஒரே ஒரு தரம் விற்கிற குடும்பஸ்தரை வியாபாரி என்று கூண்டில் நிறுத்துவது எளிதல்ல. அவருக்கு உள்ளது அந்த 1872ஆம் வருஷத்துக் குதிரைதான்; அதுவோ அவருக்குச் சாதகமாகவே கனைக்கிறது.

அவர் கெட்டவர் அல்ல. அதனால்தான் என்னைக் கேட்டார். கொட்டகைக்காரர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். நான் பதில் சொல்லாமல் ஒன்று கேட்டேன்: "உங்க பட்டறையில கூட வேலை செய்யறவருக்கு விப்பீங்களா?" "ஐயோ, மாட்டேன்." "உங்க தெருக்காரருக்கு?" "தினம் மூஞ்சியில முழிக்கணுமே!" "விழுப்புரத்துக்காரருக்கு?" அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மகளுக்கும் ஊரானுக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு அவருக்குள்ளும் இருந்தது. முகம் தெரிகிற தூரம் வரையில் தர்மம். அதற்கு அப்பால் சந்தை. ஆனால் விழுப்புரத்துக்காரரும் எங்கேயோ நகையை வைத்துத்தானே பணத்தோடு வருவார்?

'என்கிட்டயும் யாரும் சொல்லலியே' என்ற அவர் வார்த்தையில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. நஷ்டம் அவருடையது, அது மெய். ஆனால் அதற்கு ஈடு தரவேண்டியவன் விற்றவன். அதை இன்னொரு நிரபராதியிடம் வசூலித்தால் அது ஈடு ஆகாது. விற்றவன் செய்த வேலையை அவன் சார்பில் தொடர்ந்து செய்வதாகத்தான் ஆகும். கார் ஓடுமட்டும் இந்தத் தொடர் ஓடும். கடைசியில் அது நடுச்சாலையில் நிற்கும்போது உள்ளே யார் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் எல்லாருடைய மௌனமும் சேர்ந்து விழும்.

இதில் கண்ணுக்குத் தெரியாமல் அடிபடுகிற இன்னொருவனும் உண்டு: ஒழுங்காக விற்கிறவன். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அது முக்கியக் காரணம். விஷயம் நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததுதான். நல்ல கார் எது, சொத்தைக் கார் எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் சொத்தைக்கு அருகில் உள்ள விலையைத்தான் அவன் கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிப் போவான். அவன் போகப்போகச் சந்தையில் சொத்தையே மிஞ்சும். அதே கட்டுரையில் நம் நாட்டுப் பெண்கள் முறமும் கையுமாக வருகிறார்கள்: கடையில் வேண்டுமென்றே கலந்த, அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கல்லைப் பொறுக்குகிறவர்களாக! கல் கலந்தவனைக் கேட்காமல் முறத்தில் புடைத்தே தலைமுறைகளைக் கழித்தவர்கள் நாம். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதும் புடைக்கிற வேலைதான்.

சர்க்கார் இதற்கெல்லாம் விதி போடக்கூடாதா என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். தம் வசம் வந்த வண்டிக்கு அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். வண்டி எங்கே போய் வந்தது என்று பதிவேடு வைக்கவேண்டும். காகிதம் ஒழுங்காக இருக்கும். வண்டி எவர் பேரில் நின்றது என்று தெரியும். தண்ணீரில் நின்றதா என்பது தெரியாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். பழைய கார் விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளைச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்று அங்கே ஒரு விதி எழுதினார்கள். 1982இல் அந்நாட்டுக் காங்கிரஸே அதை ரத்துச் செய்தது. 1984இல் விதி மறுபடி வந்தபோது சீட்டு இருந்தது. உத்தரவாதம் உண்டா இல்லையா என்ற வாசகம் இருந்தது. தெரிந்த குறையைச் சொல்லவேண்டும் என்ற வரி மட்டும் காணாமல் போயிருந்தது. எல்லா வரியையும் விட்டுவிட்டு இந்த ஒரு வரியோடு ஏன் இத்தனை யுத்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

சிநேகிதர் காரை விற்கவில்லை. மனுப் போட்டிருக்கிறார். விளக்குகள் இன்னும் தாமாக எரிந்து அணைவதாகச் சொன்னார். மச்சானுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை குறைந்திருக்கிறது.

போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் பழைய கார் பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டான். வேறு கொட்டகை, வேறு ஆள். வெள்ளை நிறக் கார் ஒன்று அவனுக்குப் பிடித்துவிட்டது. சட்டப் புத்தகத்தின் மூன்றாவது குதிரைக்காரன் சொன்ன வாக்கியத்தை அவனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவனும் மறக்காமல், "அண்ணே, இந்த வண்டியில வெள்ளம் பூந்ததில்ல, பெரிய ஆக்ஸிடென்ட் இல்ல, கிலோமீட்டர் மாத்தலேன்னு எடுத்துக்கறேன். அப்படி இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. இதையே உங்க வாட்ஸ்அப்புக்கும் அனுப்பறேன்" என்றான். கொட்டகைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெள்ளைக் காரின் சாவியை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

"இது வேணாம் தம்பி. பின்னால ஒண்ணு நிக்குது, வாங்க, அதைப் பார்க்கலாம்."